நிலுவையில் ஒரு கணினி

தெருவிளக்குத் துறையின் ஊழியர் எவரும் இதுவரை தவறான கணினியை வாங்கியதில்லை. சரியான கணினியையும் வாங்கியதில்லை என்பது இதன் மறுபாதி. ஆனால் மறுபாதிகளை ஆண்டறிக்கையில் அச்சிடும் வழக்கம் அத்துறையில் இல்லை.

இந்தப் பெருமை முழுவதும் இல்லக் கணினித் தேர்வாயத்தையே சேரும். தேர்வாயம் பிறந்த வரலாறு துயரமானது. முன்னர் இயக்குநராக இருந்த ஒருவர் தம் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கினார். அடுத்த வாரமே, கணினியின் மூளையாகிய செயலியில் அதைவிட விரைவான வகை ஒன்று வெளிவந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்ட அவருடைய மைத்துனர், அக்காளையும் அத்தானையும் விருந்துக்கு அழைத்து, சாப்பாட்டுக்கு முன்பாகவே அதை இயக்கிக் காட்டினார். இயக்குநர் பசியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டார். மறுநாள் தேர்வாயம் பிறந்தது. இனி இத்துறையின் கடைநிலை ஊழியன்கூடத் தன் மைத்துனன் முன்னால் தலைகுனிய நேரக்கூடாது என்பது அதன் குறிக்கோள். துறைக் குடியிருப்பில் வாழ்வோர், தேர்வாயத்தின் முத்திரை இல்லாத கணினியை வாயிலுக்குள் கொண்டுவரலாகாது என்பது அதன் விதி. குறிக்கோளைச் சுவரில் எழுதினார்கள். விதியை வாயிற்காவலரிடம் ஒப்படைத்தார்கள்.

இவையெல்லாம் புகார்ப் பதிவாளருக்கு நன்கு தெரியும். எரியாத விளக்குகளைப் பற்றித் தொலைபேசியில் திட்டுவோர் சொல்வதை, திட்டுகளை நீக்கி எழுதிக்கொள்வது அவர் பணி. விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் என்று ஒன்றும் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்று நம்புகிறவர். ஆகையால், தம் தமக்கைக்கு ஒரு கணினி தேவைப்பட்டபோது, அவர் கடைக்குப் போகாமல் தேர்வாயத்துக்குப் போனார்.

தமக்கைக்குத் தேவை அவசரமானது. அச்சகம் ஒன்றில் நெடுங்காலம் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்து வந்தவர் அவர். அச்சகத்தின் மாடிப்படியில் விழுந்து முழங்கால் முறிந்தபின், படியேற இயலாமல் தம்பியின் வீட்டிலேயே தங்கிவிட்டார். வேலையில்லாத கைகளும் கண்களும் சும்மா இருக்கவில்லை. மருந்துப் பெட்டிகளில் எழுத்துகளுக்கு இடையே விட்டிருக்கும் இடைவெளியைக் காலை முதல் மாலை வரை குறை கூறிக்கொண்டிருந்தார். மருந்துகள் தீர்ந்தபின் தம்பியின் சட்டைப் பொத்தான்களின் வரிசைக்கு வந்தார். இந்நிலையில்தான், பழைய பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். புவியியல் பாடநூல்கள் வருகின்றன. வரும் மாதப் பிறப்பில் வேலை தொடங்க வேண்டும். வீட்டில் கணினி இருந்தால் அவ்வளவும் உனக்கே, இல்லாவிட்டால் வேறோர் ஆளை அமர்த்திக்கொள்வேன் என்றார். அன்று தமக்கை பொத்தான்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கண்டு பதிவாளர் பயந்துபோனார்.

"ஒண்ணும் பெரிசா வேணாம் தம்பி. பக்கம் அமைக்கிறப்போ திக்காம ஓடணும், அவ்வளவுதான்," என்றார் தமக்கை. "நீ போயி உங்க ஆளுங்ககிட்டச் சொல்லு. படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்க."

தேர்வாயம் தனிக் கட்டடத்தில் இயங்கியது. நடைவழியின் இருபுறமும், ஓய்வுபெற்ற செயலிகளின் படங்கள் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் வெளிவந்த ஆண்டும் வழக்கொழிந்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. சில செயலிகளுக்கு இரண்டும் ஒரே ஆண்டு.

முதலில் தேவைப் பிரிவு. அதன் அலுவலர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மையார். விண்ணப்பத்தைக் கையில் வாங்கியவர், படிக்காமலே நோய் கண்டறிந்த மருத்துவரைப்போல் தலையசைத்தார்.

"எதுக்குக் கணினி?"

"எங்க அக்காவுக்குங்க. புத்தகத்துக்குப் பக்கம் அமைக்கிற வேலை."

"அது இன்னிக்கு. பத்து வருஷம் கழிச்சு?"

"பத்து வருஷம் கழிச்சும் பக்கம்தாங்க அமைப்பாங்க."

"அப்படி நீங்களா முடிவு பண்ணக்கூடாது. அவங்களுக்கு வானிலை கணிக்கணும்னு ஒரு ஆசை வந்துட்டா?"

"எங்க அக்காவுக்கா?"

"ஏன், வரக்கூடாதா?"

"மழை வருமான்னு அவங்க முழங்காலே சொல்லிடும்ங்க."

"எவ்வளவு மழைன்னு சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, அம்மையார் விண்ணப்பத்தில் 'வானிலைக் கணிப்பு' என்று சேர்த்தார். அதன் கீழே 'முப்பரிமாணத் திரைப்பட ஆக்கம்' என்றும், சற்றுத் தயங்கி, 'மரபணு ஆய்வு' என்றும் எழுதினார்.

"அம்மா, எங்க அக்கா கேட்டது பக்கம் அமைக்க மட்டும்தாங்க."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஓர் உரைக்கு ஆயத்தமாகிறார் என்பதற்கு அது அடையாளம். "கேட்டதை அப்படியே எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு கடை. இது தேர்வாயம். இங்க உங்களுக்கு என்ன வேணும்னு நாங்க முடிவு பண்ணுவோம். அப்புறம், அது உங்களுக்குக் கட்டுப்படியாகாதுன்னும் நாங்களே சொல்லுவோம். ரெண்டுக்கும் தனித்தனியா அலைய வேண்டியதில்ல. இந்த வசதி வேற எந்தத் துறையில இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

பதிவாளருக்குத் தெரிந்த வரையில் எந்தத் துறையிலும் இல்லை. அதை ஒப்புக்கொண்டு வீடு திரும்பினார்.

"வானிலையா?" என்றார் தமக்கை. "சரி, நாளைக்கு மழையான்னு கேட்டுட்டு வா. போர்வை துவைக்கணும்."

அடுத்தது செயலிப் பிரிவு. அது ஒரே கூடம். ஆயினும் தரையின் நடுவே வெள்ளைச் சுண்ணத்தால் ஒரு கோடு. செயலிக்குள் தனித்தனியே உழைக்கும் பகுதிகளுக்கு 'கோர்' என்று பெயர். கோர் எத்தனை இருக்கின்றன என்பதே முக்கியம் என்போர் கோட்டுக்கு இப்புறம் இருந்தனர். கோர் ஒன்றே ஆனாலும் அது எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதே முக்கியம் என்போர் அப்புறம். இரு தரப்புக்கும் தலைவர்கள் உண்டு. இருவரும் ஒருகாலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்றும், ஒரு மாலையில் ஒரு செயலியைப் பற்றிய கருத்துவேறுபாட்டில் தட்டு இரண்டானதாகவும் கூறுவர். அன்று முதல் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கடிதம் மட்டும் எழுதிக்கொள்கின்றனர். கடிதம் தலைமை அலுவலகம் சென்று, பதிவாகி, கோட்டின் மறுபுறம் வந்து சேர்கிறது.

பதிவாளர் முதலில் இப்புறத்துத் தலைவரிடம் சென்றார்.

"ஒரு வீட்டுல ஒரே ஆளு ஓடி ஓடி வேலை செய்யறது நல்லதா, பல பேரு கூடிச் செய்யறது நல்லதா? நீங்களே சொல்லுங்க," என்றார் அவர்.

"எங்க வீட்ல ரெண்டு பேருதாங்க. அதுல வேலை செய்யறது ஒருத்தர்தான்."

"யாரு?"

"அக்கா. கால் உடைஞ்ச பிறகும் அப்படித்தான்."

தலைவர் இதை ரசிக்கவில்லை. "அதோ உக்காந்திருக்காரே, அவரு சொல்ற செயலியை வாங்கினீங்கன்னா, ஒத்தை ஆளா ஓடி ஓடி, நடுவழியில மூச்சு வாங்கி நிக்கும். நான் அவரைக் குறை சொல்லல. அவரு இயல்பே அப்படி."

பதிவாளர் கோட்டைத் தாண்டினார். தாண்டும்போது இருபுறத்து எழுத்தர்களும் அவரை ஓர் ஏதிலியைப் பார்ப்பதுபோல் பார்த்தனர்.

"கூட்டம் கூடினா வேலை நடக்குமா? இங்கயே பாருங்களேன்," என்று அப்புறத்துத் தலைவர், உறங்கிக்கொண்டிருந்த தம் எழுத்தர்களைச் சுட்டினார். "எங்க பிரிவுல இத்தனை பேரு இருக்கோம். எதாவது நடக்குதா? அதான் என் கொள்கைக்கு ஆதாரம். பல கோர் வேணும்னு சொல்றவரு, அவரோட பக்கத்தை ஒரு தடவை நிமிந்து பாத்தாலே திருந்திடுவாரு."

"ஐயா, எனக்கு இந்தக் கொள்கையெல்லாம் தெரியாதுங்க. பக்கம் அமைக்க எது தோதுன்னு சொன்னா போதும்."

இக்கேள்வி கூடத்தில் ஒரு சலசலப்பை ஏற்படுத்தியது. செயலியைக் கொண்டு ஏதேனும் வேலை செய்யப்போவதாக ஒருவர் அங்கு வந்து பேசியது அதுவே முதன்முறை. தேர்வு நடக்கும் அறையில் பசிக்கிறது என்று சொன்ன சிறுவனைப் பார்ப்பதுபோல் இரு தலைவர்களும் அவரைப் பார்த்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் ஒருமனமாகச் செய்த காரியம் அந்தப் பார்வைதான்.

எந்தப் பிரிவின் மனமும் கோணக்கூடாது என்பதால், இருவருடைய செயலிகளும் பரிந்துரைக்கப்பட்டன. இரண்டையும் தாங்க வேண்டிய தாய்ப்பலகையை வேறொரு பிரிவு தனியே தேர்ந்தெடுத்தது. அந்தப் பலகையில் ஒரு செயலிக்கே இடம் இருந்தது. அந்த இடத்தில் இவ்விரண்டில் எதுவும் பொருந்தாது. நினைவகம் வேறொரு தலைமுறையைச் சேர்ந்தது. உறைப்பெட்டியைத் தேர்ந்த பிரிவோ, அழகுக்கு முதலிடம் தருவது. அதன் பெட்டிக்குள் தாய்ப்பலகை நுழையாது. ஆயினும் ஒவ்வொரு தாளிலும் 'மிகச் சிறந்தது' என்ற குறிப்பும் கையொப்பமும் தவறாமல் இருந்தன.

மாதப் பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பதிப்பாளர் மறுபடியும் அழைத்து, ஓர் இளைஞர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், வேலையில் சுத்தமானவராகத் தெரிவதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். தமக்கை தொலைபேசியை வைத்துவிட்டுச் சன்னலோரம் அமர்ந்தார். எதிர்வீட்டுக் கதவின் எண்பலகை கோணலாக இருந்தது. அதைக்கூட அவர் குறை சொல்லவில்லை.

பதிவாளர் அன்று மாலையே தேர்வாயத் தலைவரின் அறைக்குச் சென்றார். தலைவர் கனிவானவர். தலைவலிக்கு மாத்திரை கேட்டுப் போனாலும், நோயின் தத்துவத்தை விளக்கி, வாழ்த்தி அனுப்பும் கனிவு.

"ஐயா, எல்லாப் பிரிவும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆனா ஒண்ணோட ஒண்ணு பொருந்தாதுன்னு எங்க அக்கா சொல்றாங்க."

"பொருந்தாதுதான்," என்றார் தலைவர், மனநிறைவோடு. "ஒவ்வொண்ணும் அதது வகையில முதல் தரம். முதல் தரமான ஆளுங்களை ஒரே அறையில போட்டா பொருந்துவாங்களா? எங்க செயலிப் பிரிவையே எடுத்துக்குங்க. பொருந்தறதெல்லாம் கீழ்மட்டப் பிரச்சினை. அதைக் கடைக்காரர் பாத்துக்குவாரு."

"கடைக்காரரே பாத்துக்குவாருன்னா, நேரா அவர்கிட்டயே…"

"அவரு விக்கிறவரு தம்பி. விக்கிறவரை எப்படி நம்பறது? எங்களைப் பாருங்க. நாங்க இதுவரைக்கும் ஒண்ணை வித்ததும் இல்ல, ஒண்ணை வாங்கினதும் இல்ல, ஒண்ணைத் திறந்து பாத்ததும் இல்ல. அதனாலதான் எங்க கருத்துல கலப்படமே கிடையாது."

இதைச் சொல்லிவிட்டுத் தலைவர் பேனாவைத் திறந்தார். பொருந்தாத பாகங்களாயினும் முத்திரை முத்திரைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறெதையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று, வாழ்வில் முதன்முறையாக, முறையற்ற எண்ணம் ஒன்று அவருக்குத் தோன்றியது. பேனாவின் முனை தாளைத் தொட்டது.

அந்நேரத்தில் நடைவழியில் மணி அடித்தது.

தலைவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். கட்டடம் முழுவதும் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் உறங்கியோர் எல்லாரும் எழுந்தனர். பின் ஒரே சீராகக் கைதட்டினர். உலகின் எந்த மூலையிலேனும் புதிய செயலி ஒன்று அறிவிக்கப்பட்டால் மணியடித்து, எழுந்து நின்று கைதட்டுவது தேர்வாயத்தின் மரபு. நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் அனைத்தையும் அந்நொடியே தேவைப் பிரிவுக்குத் திருப்பி அனுப்புவது அம்மரபின் பிற்பகுதி.

கைதட்டி முடித்ததும் தலைவர் பதிவாளரின் கையைப் பற்றிக் குலுக்கினார். "நல்லவேளை தம்பி. நான் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தா, இந்நேரம் உங்ககிட்ட இருக்கறது பழைய கணினி. நூலிழையில தப்பிச்சீங்க."

"இந்த மணி அடிக்கடி அடிக்குங்களா?"

"முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை அடிச்சாலே பெரிசு. இப்ப முன்னேற்றம். போன வாரம் கை வலிக்க வலிக்கத் தட்டினோம்."

பதிவாளர் வீட்டை நோக்கி நடந்தார். தமக்கையிடம் என்ன சொல்வது என்று தெருவிளக்குக்குத் தெருவிளக்கு ஒரு வாக்கியம் அமைத்தார். எந்த வாக்கியமும் நிற்கவில்லை. பாதி விளக்குகளும் எரியவில்லை.

குடியிருப்பின் வாயிலில், காவலரின் மேசை முன்னால் கணினிக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். மேசை மீது ஒரு கறுப்புப் பெட்டியும், தட்டையான அட்டைப்பெட்டியில் ஒரு திரையும் இருந்தன.

"முத்திரை எங்க?" என்று காவலர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாரண்டி இருக்குங்க."

"அது எனக்கு எதுக்கு? நானா ரிப்பேர் ஆகப்போறேன்?"

கடைக்காரர் பதிவாளரைக் கண்டதும் ஆறுதல் அடைந்தார். "வாங்க சார். உங்க அக்கா போன் பண்ணாங்க. பக்கம் அமைக்கணும், படம் நிறைய வரும்னாங்க. நடுத்தரமா ஒரு ப்ராசஸர், அதுக்குப் பொருந்துற போர்டு, ரேம் மட்டும் தாராளமா. பேசின உடனே முடிஞ்சுபோச்சு. இப்ப இவரு உள்ள விட மாட்டேங்குறாரு."

"எதிர்காலம்?" என்றார் பதிவாளர், அனிச்சையாக.

"எதோட எதிர்காலம்?"

"அக்காவுக்கு வானிலை கணிக்கணும்னு ஆசை வந்துட்டா?"

கடைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். "அப்போ இன்னொரு ரேம் சொருகிக்கலாம் சார். இடம் விட்டிருக்கேன்," என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

பதிவாளரின் கைப்பேசி ஒலித்தது. தமக்கை சன்னலிலிருந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். "காவலர்கிட்டப் போனைக் குடு தம்பி. சத்தமா வை."

"சொல்லுங்க அக்கா," என்றார் காவலர்.

"உங்ககிட்ட எதை உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க?"

"கணினிங்க."

"திருகாணியை விடலாமா?"

"திருகாணிக்கு ஏதுங்க விதி."

"விசிறி?"

"வீட்டுக்கு வீடு இருக்கே."

"தகரப் பெட்டி?"

"தாராளமா."

"அப்போ அந்தக் கடைத் தம்பியை அதைப் பிரிக்கச் சொல்லுங்க. கணினி ஒண்ணும் உள்ள வர வேணாம். சாமான் வந்தா போதும்."

காவலருக்குக் கணினியின் மீது பகையில்லை; விதியின் மீது காதலும் இல்லை. "அது நியாயம்தான்," என்றார் இறுதியில்.

"என்னங்க அக்கா இது, ஒயரையெல்லாம் இப்பத்தான் அழகா முடிஞ்சு வச்சேன்," என்று முனகியவாறே கடைக்காரர் திருப்புளியை எடுத்தார். காவலரின் மேசை மீதே கணினி பிரிந்தது. பதிவாளர் பாகங்களை ஒவ்வொன்றாக வாயிலுக்குள் சுமந்து சென்றார். அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்லவேளையாக, அதற்கும் விதி இல்லை. கடைசியாக, கடைக்காரர் செயலியின் மேலிருந்த பசையைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது என்ன?" என்றார் காவலர்.

"இதுதான் ப்ராசஸர்."

காவலர் குனிந்து பார்த்தார். பிறகு, தொலைவில் விளக்கெரிந்துகொண்டிருந்த தேர்வாயக் கட்டடத்தைப் பார்த்தார். "இந்த பிஸ்கட்டுக்கா அவ்வளவு பெரிய கட்டடம்?" என்றார். "எடுத்துட்டுப் போங்க."

அன்றிரவு கூடத்து மேசையில் பாகங்கள் மீண்டும் கணினியாயின. அடுத்த வாரம் புவியியல் பாடநூல் வந்து சேர்ந்தது. தமக்கை ஆறுகளின் பெயர்களை ஆறுகளின் வளைவுக்கேற்ப வளைத்துக்கொண்டிருந்தார். மலைத்தொடர் ஒன்று பக்கத்தின் விளிம்பைத் தாண்டியது. அதைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார். பதிவாளரின் பொத்தான்கள் மீண்டும் கண்டனத்துக்கு உள்ளாயின. வீட்டில் மகிழ்ச்சி திரும்பிவிட்டது என்று அவர் அறிந்துகொண்டார். ஆனால் அம்மகிழ்ச்சியை அவரால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. வாசலில் காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் திரையின் மீது போர்வையைப் போர்த்தினார்.

"ஆறு நடுவுல நிக்குது, எடு," என்பார் தமக்கை.

அவர் அஞ்சியது ஒருநாள் நடந்தே விட்டது. தேவைப் பிரிவிலிருந்து மீண்டும் புறப்பட்ட விண்ணப்பம், இம்முறை குளிர்விப்புப் பிரிவை அடைந்திருந்தது. கணினி வைக்கப்போகும் அறையின் வெப்பத்தை நேரில் அளந்து அறிக்கை தர வேண்டும் என்பது அப்பிரிவின் நிபந்தனை. குளிர்விப்பு அலுவலர் வெப்பமானியோடு வந்தார். அளவீட்டை நேரில் மேற்பார்வையிட வேண்டும் என்பதால் தேர்வாயத் தலைவரும் உடன் வந்தார். போர்வை அன்று துவைத்துக் காயப்போடப்பட்டிருந்தது.

கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரை நிறைய ஆறுகள். தமக்கை எழுந்திருக்கவில்லை, முழங்கால் அதற்கு ஒரு நல்ல காரணமாக அமைந்தது. பதிவாளர் சுவரோடு சுவராக நின்றார். குடியிருப்பிலிருந்து வெளியேற்றும் ஆணையில் தம் பெயர் எந்த இடத்தில் வரும் என்றுகூட எண்ணிப் பார்த்தார்.

குளிர்விப்பு அலுவலர் மேசையைச் சுற்றி வந்தார். வெப்பமானியை வைக்க வேறு இடம் இல்லாமையால், அதைக் கணினிப் பெட்டியின் மீதே வைத்தார். சற்றுப் பொறுத்து, அளவைப் படித்து, முகம் சுளித்தார்.

"அறை ரொம்பச் சூடா இருக்கு சார். எங்கிருந்து வருதுன்னுதான் தெரியல."

தலைவர் அறையை நாற்புறமும் நோக்கினார். அவருடைய பார்வை திரையில் பட்டு, பெட்டியில் பட்டு, தமக்கையிடம் வந்து நின்றது.

"அவங்கதான்," என்றார் அலுவலர். "மனுஷ உடம்பு ஒரு நூறு வாட் பல்பு மாதிரி. பயனர் அறைக்கு வெளியே உக்காந்தா கணினிக்கு நல்லது."

"நூறு வாட் பல்பை உங்க துறையில எப்பவோ நிறுத்திட்டாங்கன்னு தம்பி சொன்னான்," என்றார் தமக்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பதிவாளரால் அதற்குமேல் தாங்க இயலவில்லை. நேர்மை ஒரு நோயாக இருந்தால் அது அவருக்கு முற்றியிருந்தது. "ஐயா," என்றார், "இது வந்து… முத்திரை இல்லாம…"

"எது?"

"இந்தக் கணினி."

தலைவர் கோப்பைப் பிரித்தார். ஒரு தாளை எடுத்தார். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே படித்தார். "விண்ணப்பதாரர் வீட்டில் கணினி இல்லை. உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"கணினி இருக்கறவரு கணினிக்கு விண்ணப்பம் போடுவாரா?"

"போட மாட்டாருங்க."

"உங்க விண்ணப்பம் நிலுவையில இருக்கா இல்லையா?"

"இருக்குங்க."

"அப்போ இது இல்ல," என்றார் தலைவர், கோப்பை மூடியவாறு. பிறகு கனிவோடு சேர்த்தார்: "ஆசை கண்ணை மறைக்கும் தம்பி. எல்லாருக்கும் நடக்கறதுதான். பொறுமையா இருங்க."

குளிர்விப்பு அலுவலர் அறிக்கையைக் கையால் எழுதி முடித்திருந்தார். அன்று மாலைக்குள் அது இயக்குநர் அலுவலகம் சேர வேண்டும். அதையும் தட்டெழுதி, மின்னஞ்சலில். தலைவர் ஒருகணம் சங்கடப்பட்டார்.

"உங்க ஆபீஸ்ல போயி அடிச்சு அனுப்ப வேண்டியதுதானே," என்றார் தமக்கை.

"எங்க ஆபீஸ்ல ஏதும்மா கணினி? நாங்களும் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கோம். எங்ககிட்டயேதான் நிலுவையில கிடக்கு." தலைவர் தொண்டையைச் செருமினார். "நீங்க பக்கம் அமைக்கறவங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு கை குடுத்தீங்கன்னா…"

தமக்கை ஆறுகளைச் சற்று ஒதுக்கி வைத்தார். கையெழுத்து அறிக்கையை வாங்கி, திரையில் அழகாக அமைத்தார். தலைப்பு நடுவில், பத்திகள் சீராக, ஓரங்கள் தாராளமாக. 'இவ்வறையில் கணினி எதுவும் இயங்குவதற்கான சூழல் இல்லை' என்ற வரியைத் தலைவரின் விருப்பப்படி தடித்த எழுத்தில் இட்டார். இரண்டு எழுத்துப்பிழைகளைக் கேட்காமலே திருத்தினார். பின் அங்கிருந்தபடியே அனுப்பினார். தலைவர் அவருடைய தோளுக்கு மேலாகக் குனிந்து, திரையை நெடுநேரம் ரசித்தார்.

"பிரமாதம்மா. கையில ஒரு கணினி இல்லாமலே இப்படின்னா," என்றார், விடைபெறும்போது, "நாங்க ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் குடுத்ததுக்கப்புறம் நீங்க எங்கயோ போயிடுவீங்க."

அவர்களின் காலடி ஓசை ஓய்ந்தது. பதிவாளர் நாற்காலியில் விழுந்தார்.

"போதும்க்கா. நாளைக்கே போயி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடறேன். இந்தப் பயம் என்னால ஆகாது."

தமக்கை முதன்முறையாகத் திரையிலிருந்து திரும்பினார். "வாபஸ் வாங்கினா என்ன ஆகும்?"

"நிம்மதி ஆகும்."

"விண்ணப்பம் இல்லன்னா, நிலுவையும் இல்ல. நிலுவை இல்லன்னா, இது இங்க இருக்கும். அடுத்த நிமிஷம் காவலரை அனுப்பித் தூக்கிட்டுப் போவாங்க."

பதிவாளர் அதைப் பற்றி யோசித்தார். பிறகு அதன் மறுபக்கத்தையும் யோசித்தார். "ஒருவேளை அவங்க ஒப்புதல் குடுத்துட்டாங்கன்னா? அப்பவும் நிலுவை போயிடுமே."

"அதுதான் எனக்கும் கவலை," என்றார் தமக்கை. "உங்க தலைவர் இன்னிக்கு ரொம்ப நல்ல மனசுல போறாரு."

மறுநாள் காலையில் தேர்வாயத்தின் கதவு திறந்தபோது, பதிவாளர் வாசலில் நின்றிருந்தார். நேரே தேவைப் பிரிவுக்குச் சென்று, செயலியைப் பற்றித் தமக்கு இன்னும் சில ஐயங்கள் இருப்பதாகவும், அவற்றை அவசரமின்றி ஆராய வேண்டுமென்றும் எழுதிக் கொடுத்தார். அம்மையார் அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுமுறையும் படித்தார். பிறகு எழுந்து, தமக்கு அருகிலேயே அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.